காபி குடிக்காதவரின் ரத்தம்

ஓய்வு பெற்றவனுக்கு வரும் போன்கள் இரண்டே வகை. ஒன்று, இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லும் குரல்கள். இன்னொன்று, பிரியா. நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. என்னிடம் சேர்ந்த புதிதில் ரத்தம் எடுக்க அவளுக்குக் கை நடுங்கும். இப்போது அவளைக் கண்டால் மற்றவர்களுக்குக் கை நடுங்குகிறதாம்.

போன வாரம் கூப்பிட்டாள்.

“சார், ஒரு சாம்பிள் ரொம்பப் படுத்துது சார். வெறும் வயித்துச் சுகர் இருநூத்திப் பதினாலு. மூணு மாசச் சுகர் பாத்தா நாலு புள்ளி நாலு. ரெண்டும் ஒரே ஆளு. பேசாம, ‘காபி குடிச்சிட்டு வந்திருப்பார்’னு ஒரு குறிப்பு எழுதி அனுப்பிடட்டுமா?”

“எழுதாதே!” என்று நான் போட்ட சத்தத்தில் சமையலறையில் என் மனைவி கரண்டியைக் கீழே போட்டாள்.

“ஏன் சார் இப்படிக் கத்துறீங்க?”

ரிப்போர்ட்டை நிறுத்தி வை, இன்னின்ன டெஸ்ட் போடு என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். ஏன் கத்தினேன் என்பதைப் போனில் சொல்ல முடியாது. எங்கள் லேப் டெக்னீஷியன் சங்க மலருக்கு ‘பணி அனுபவம்’ எழுதித் தாருங்கள் என்று மூன்று மாதமாக நச்சரிக்கிறார்கள். பிரியாவுக்கான பதிலையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றேன். அதை நடுவயது என்றுதான் இன்னமும் சொல்லிக்கொள்கிறேன். அவமானப்படுவதற்குத் தெம்பு இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.

நான் லேப் டெக்னீஷியன் படித்த கதை சின்னது. இரண்டு வருட டிப்ளமோ. முதல் வருடம் சோதனைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். இரண்டாம் வருடம் ஊசி குத்தக் கற்றோம். நான் முதன்முதலாக ரத்தம் எடுத்த அன்று ஒருவர் மயங்கி விழுந்தது உண்மை. விழுந்தது நோயாளி இல்லை. அவர்தான் எனக்குத் தண்ணீர் தெளித்தார். பிறகு தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே ஊர்க்காரர்களின் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. ‘காபி சார்.’

எங்கள் பக்கத்தில் காபி, உணவுப் பட்டியலில் வராது. ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவரிடம் “வெறும் வயித்தோட வந்தீங்களா?” என்று கேட்டால், “பச்சைத் தண்ணி பல்லுல படல சார்” என்பார். “காபி?” என்றால், “அது குடிச்சேன். அது சாப்பாடு இல்லீங்களே?” என்று நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். மூச்சில் சிக்கரி வாடை வருகிறதா, மீசையில் நுரை காய்ந்திருக்கிறதா, கேள்விக்குப் பதில் சொல்லுமுன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிறாரா... இத்தனையும் வைத்துப் பிடித்துவிடுவேன். பிடித்தால் மறுநாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்புவேன். போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவன், உயரம் இரண்டு அங்குலம் குறைந்ததால் இங்கே வந்துவிட்டேன் என்று நானே சொல்லிச் சிரிப்பேன். சிரிப்புக்கு அடியில் கர்வம் இருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் மேலதிகாரி டாக்டர் மங்கையர்க்கரசி. எல்லோருக்கும் மேடம். வயதில் என்னைவிட நாலைந்து வருடம் மூத்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதுதான் பயமே. கத்துகிறவர்களிடம் நாமும் கொஞ்சம் கத்தித் தப்பிக்கலாம். மேடம், நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். பிறகு கேட்பார்: “பாத்தீங்களா, நெனச்சீங்களா?”

“அந்த டியூப்ல ரத்தம் உறைஞ்சுபோச்சு மேடம்.”

“பாத்தீங்களா, நெனச்சீங்களா?”

“...நெனச்சேன் மேடம்.”

“போய்ப் பாருங்க.”

முப்பது வருடத்தில் இந்தக் கேள்விக்கு ‘பார்த்தேன்’ என்று தைரியமாகச் சொன்ன தடவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

தங்கராசு எங்களிடம் முதலில் வந்தது ஒரு தை மாதம், அறுவடை முடிந்த கையோடு. சீர்காழிக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் ஒரு கிராமம். அரை வேலி நிலம், சொந்த விவசாயம். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். காய்ந்த கருவேலங்கட்டை மாதிரி உடம்பு. கண்ணின் வெள்ளையில் மட்டும் லேசாக மஞ்சள். சீர்காழியில் ஒரு டாக்டர், சுகர் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு எங்களிடம் அனுப்பியிருந்தார். மனைவி சரோஜாவுடன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

அந்த பஸ் கும்பகோணத்தில் பத்து நிமிடம் நிற்கும். என் மூளையில் மணி அடித்தது. அந்த பஸ் ஸ்டாண்டில், அந்த நேரத்தில், மூக்கு உள்ள மனிதன் எவனாவது காபி குடிக்காமல் வருவானா?

“கும்பகோணத்துல எறங்கினீங்களா?”

“எறங்கினேன் சார். ஒண்ணுக்குப் போவ.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல சார்.”

மூச்சை மோந்து பார்த்தேன். வேப்பங்குச்சி வாடைதான் வந்தது. தடயத்தை அழித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். சரோஜாவைப் பார்த்தேன். அந்த அம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டு, “நான் பஸ்ஸுலயே ஒக்காந்திருந்தேன் சார். எறங்கிப் போனவரு என்ன பண்ணாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

தங்கராசு மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். தப்பாகக் கவனித்தேன்.

கையும் களவுமாகப் பிடிக்காததால் திருப்பி அனுப்பாமல் ரத்தம் எடுத்தேன். வெறும் வயிற்றுச் சுகர் இருநூற்றி எட்டு வந்தது. மூன்று மாதச் சுகர் நாலரை. இரண்டாவது என்ன என்று தெரியாதவர்களுக்கு: ரத்தத்தில் சர்க்கரை அதிகம் இருந்தால் அது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த மூன்று மாதச் சராசரி தெரியும். முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. நாலரை என்றால் சுத்தம். சர்க்கரையே கிடையாது. ஆக, மூன்று மாதமாக நல்ல பிள்ளையாக இருந்தவர் இன்று காலை மட்டும் ஏதோ செய்திருக்கிறார். என் கண்ணுக்குக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டே தெரிந்தது. காபி மட்டும் இல்லை, கூட நாலு இட்லி.

ரிப்போர்ட்டின் அடியில் எழுதினேன்: ‘நோயாளி வெறும் வயிற்றில் வந்ததாகத் தெரியவில்லை.’

சீர்காழி டாக்டர் என் குறிப்பை நம்பினார். மூன்று மாதச் சராசரி நன்றாக இருக்கிறது, மாத்திரை வேண்டாம், அடுத்த தடவை ஒழுங்காக வெறும் வயிற்றோடு போய்ட்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்படி இரண்டு வருடத்தில் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் இருநூற்றுச் சொச்சம், நாலு சொச்சம். ஒவ்வொரு தடவையும் அதே குறிப்பு. மூன்றாம் தடவை தங்கராசு குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்.

“சத்தியம் பண்றவங்க கூட ஒரு வடையும் சாப்பிட்டிருப்பாங்க” என்றேன். வரிசையே சிரித்தது. சரோஜாவும் சிரித்தார். தங்கராசு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. சாப்பிட்டுவிட்டு வந்தவரின் ரத்தத்தை மெஷினில் போட்டுச் சுற்றித் தெளியவைத்தால், மேலே நிற்கும் நீர் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். தங்கராசுவின் நீர் நான்கு தடவையும் கண்ணாடி மாதிரித் தெளிவு. வழக்கத்தைவிட ஒரு சுற்று மஞ்சள் வேறு. டியூபைக் கையில் வைத்திருந்தவன் நான். கண் டியூபைப் பார்த்தது. புத்தி கும்பகோணத்தில் இருந்தது.

நடவு சமயத்தில் வயலில் நத்தை ஓடு குத்தி, அவர் வலது காலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சுண்டுவிரலுக்கு அடுத்த விரல் கறுத்துப்போய், காய்ச்சலோடு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்கையில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டருக்குக் குழப்பம். வார்டில் விரலில் குத்திப் பார்த்தால் சுகர் முன்னூறைத் தொடுகிறது. மூன்று மாதக் கணக்கோ நாலு புள்ளி மூன்று. பழைய ரிப்போர்ட்டுகளிலும் அப்படியே. சர்க்கரை நோயே இல்லை, காய்ச்சலில் ஏறிய சுகர் தானாக இறங்கும், காலுக்குப் போகும் ரத்தக்குழாய்தான் அடைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அப்படியானால் விரலோடு நிற்காது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் பார்த்துவிட்டு எடுத்துவிடுவது என்று நாள் குறித்துவிட்டார்.

வார்டு சிஸ்டர் ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டு, “காபி சார், உங்க ஆளு இங்க வந்தும் குடிக்கிறாரு போல” என்றார்.

நான் துப்பறியக் கிளம்பினேன். உண்மையாகவே போனேன். வார்டில் கட்டில் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்து மோந்து பார்த்தேன்.

தங்கராசு கண்ணைத் திறந்தார். “நல்லா மோந்து பாருங்க சார். கஞ்சி. நாலு நாளா கட்டிலை விட்டு எறங்கல. இந்தக் காலை வச்சுக்கிட்டு கும்பகோணம் போயிட்டா வந்தேன்?”

சுற்றி இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சரோஜா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். “கால எடுத்துருவாங்களா சார்?” என்று மட்டும் கேட்டார்.

அந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு லேப் வரைக்கும் நடந்து வந்துவிட்டேன். படி இறங்கும்போதே காதில் மேடம் குரல் கேட்டது. பாத்தீங்களா, நெனச்சீங்களா? நான்கு ரிப்போர்ட். நான்கிலும் என் கையெழுத்து. எனக்குப் பயம் வந்தால் முதலில் வருவது விக்கல். விக்கிக்கொண்டே போய் மேடம் மேசையில் டம்ளரை வைத்தேன்.

“என்ன இது?”

“தடயம் மேடம். விக்... என்மேல.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. எழுந்து போய் நான்கு பழைய ரிப்போர்ட்டுகளையும், மூன்று மாதச் சுகர் பார்க்கும் மெஷின் வரைந்த வரைபடங்களையும் எடுத்து வந்தார். அந்த வரைபடம் மலைகள் மாதிரி இருக்கும். நாங்கள் எண்ணை மட்டும் பார்ப்போம், மலையைப் பார்ப்பதில்லை. பெரிய மலையின் தோளில் சின்னதாக ஒரு புடைப்பு. நான்கிலும் அதே இடத்தில். வேறு மாதிரி ஹீமோகுளோபின் கலந்திருந்தால்தான் அது வரும்.

“கண்ணு மஞ்சளா இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“பித்தப்பைக் கல்லு?”

வார்டு சிஸ்டரைப் போனில் கேட்டேன். முப்பது வயதிலேயே எடுத்திருக்கிறார்கள்.

“செல்லு சீக்கிரம் சாவுதுங்க இவருக்கு” என்றார் மேடம். “நூத்தி இருபது நாள் இருக்க வேண்டிய சிவப்பணு, முப்பது நாப்பது நாள்ல உடையுது. அதோட கழிவுதான் கண்ணுல மஞ்சள், பித்தப்பையில கல்லு. சர்க்கரை ஒட்டுறதுக்கு நேரமே இல்ல.”

எனக்கு அது வயல் கணக்காகத்தான் புரிந்தது. சேற்றில் நிற்பவன் தினமும் வேட்டி மாற்றினால், வேட்டியைப் பார்த்து வயலில் சேறே இல்லை என்று சொல்லிவிடலாம். நான் இரண்டு வருடமாக வேட்டியைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

“ஏன் மேடம் உடையுது?”

அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. ஃப்ரேமைப் பிடித்துக் காட்டினார். “ஹீமோகுளோபின்ல இதுதான் புரதம். இந்தக் கண்ணாடிச் சில்லுதான் ஹீம். நடுவுல இரும்பு உக்காந்திருக்கே, அது. புரதம் மடிஞ்சு மடிஞ்சு ஒரு பை மாதிரி அதைப் பிடிச்சிருக்கும். ஒரேயடியா இறுக்கிப் பிடிச்சா ஆக்சிஜனை வாங்கவும் முடியாது, விடவும் முடியாது. கொஞ்சம் நெகிழணும். ஆனா ஒரு ஸ்க்ரூவ மட்டும் வேற அளவுல மாத்திட்டா...” ஃப்ரேமை லேசாக ஆட்டினார். அவர் கண்ணாடி ஏற்கெனவே ஆட்டம் கண்டது. சில்லு கழன்று மேசையில் விழுந்தது. “இப்படி ஆடும். சூடு பட்டா கழண்டு விழும். ஹீம் போனா புரதம் குலைஞ்சு கட்டியாகும். செல்லு உடையும்.”

மதகுப் பலகை மாதிரி, என்று நினைத்துக்கொண்டேன். காடிப் பள்ளத்தில் சரியாக நகர வேண்டும். இறுகினால் தண்ணீர் வராது. தளர்ந்தால் தண்ணீரும் நிற்காது, பலகையும் நிற்காது.

“நெனக்கிறேன்” என்று மேடம் தானாகவே சொன்னார். “இன்னும் பாக்கல. பாருங்க.”

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. டிப்ளமோ பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன், கையால் செய்ததில்லை. ஐசோபுரொப்பனால் என்கிற ஸ்பிரிட்டை அளவாகக் கலந்த கரைசல். அதில் புரதத்தின் பிடிமானம் எல்லாம் கொஞ்சம் தளரும். நல்ல ஹீமோகுளோபின் அதையும் தாங்கிக்கொண்டு அரை மணி நேரம் தெளிவாக நிற்கும். ஆட்டம் கண்டது, ஐந்து பத்து நிமிடத்தில் கலங்கும். ஆனால் வெப்பம் துல்லியமாக முப்பத்தேழு டிகிரி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நல்ல ஆளின் ரத்தமும் ஒப்பீட்டுக்கு ஓட வேண்டும். அதற்குப் பெயர் கன்ட்ரோல்.

தங்கராசுவின் அணுக்களை உப்புநீரில் மூன்று தடவை கழுவினேன். ஒவ்வொரு தடவையும் சுற்றி, மேல்நீரைக் கொட்டி, மறுபடி நீர் விட்டு. பிறகு வெறும் தண்ணீர் விட்டு அணுக்களை உடைத்து, சக்கையைச் சுற்றிப் பிரித்து, மேலே நின்ற சிவப்புத் தெளிவை மட்டும் எடுத்தேன். ஒப்பீட்டுக்கு நல்ல ஆள் யார்? நான்தான். இடது கையிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். இந்த முறை மயங்கவில்லை. இரண்டு டியூப். ஒன்றில் ‘த’, ஒன்றில் ‘செ’. செல்வராஜ் என்பது என் பெயர். வாட்டர் பாத்தில், அதாவது வெந்நீர்த் தொட்டியில், இறக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஐந்தாவது நிமிடம் ‘த’ கலங்கியது. மேடம் சரியாகத்தான் நினைத்திருக்கிறார் என்று துள்ளினேன்.

எட்டாவது நிமிடம் ‘செ’ கலங்கியது.

பயம் எப்படி வேலை செய்கிறது என்று அன்று பார்த்தேன். முதலில் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். பிறகு டியூபைத் தேய்த்தேன். பிறகு சுற்றும் மெஷினின் பளபளப்பான மூடியில் குனிந்து என் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள்! மூடி பித்தளைப் பூச்சு என்பது அப்போது தோன்றவில்லை. என் அப்பாவுக்குக் கூட வயிற்று வலி வருமே, அது பித்தப்பைதானோ? சின்னப் பெண் சோகையாக இருக்கிறாளே, அவளுக்கும் கொடுத்துவிட்டேனா? என் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாக உடைவது எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மனைவிக்குப் போன் செய்து, “நான் உன்னை நல்லாத்தானே வச்சுக்கிட்டேன்?” என்றேன். “என்னத்தத் தொலைச்சீங்க?” என்றாள் அவள்.

விக்கல் திரும்ப வந்துவிட்டது. மேடம் வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் ‘செ’ டியூபை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

“கன்ட்ரோல் எங்க?”

“இருக்கு மேடம்.”

“எங்க?”

பையிலிருந்து எடுத்தேன். “எனக்கும் இருக்கு மேடம். அந்த வியாதி. நான் வீட்டுல சொல்லிட்டேன்.”

மேடம் டியூபைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாட்டர் பாத்துக்குள் எட்டிப் பார்த்து, “தெர்மாமீட்டர பாத்தீங்களா?” என்றார்.

நாற்பத்து மூன்று டிகிரி.

அது ஐப்பசி மாதம். நாலு நாளாக அடைமழை. டிபன் கேரியரில் சாம்பார் ஜில்லென்று இருந்தது. மத்தியானம் அதை வாட்டர் பாத்தில் இறக்கி, குமிழைத் திருகிச் சூடு ஏற்றியவன் நான். திருப்பி இறக்க மறந்தவனும் நான். ‘உணவுப் பொருள்களை ஆய்வகத்துக்குள் கொண்டுவரக் கூடாது’ என்ற அறிவிப்பு வாட்டர் பாத்துக்கு நேர் மேலே ஒட்டியிருந்தது. அதை எழுதி ஒட்டியவன் யார் என்று கேட்காதீர்கள். அந்தச் சூட்டில் யார் ரத்தமும் கலங்கும்.

மேடம் முதல்முறையாக என் முன்னால் சிரித்தார். அதுவும் சத்தமில்லாமல்தான், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, “நாளைக்கு அந்தக் காலை எடுக்கப்போறாங்க. திரும்பப் போடுங்க” என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

குளிர்ந்த நீர் ஊற்றி, இரண்டு தெர்மாமீட்டர் வைத்து, முப்பத்தேழில் ஒரு நூல் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தேன். புதிதாக இரண்டு டியூப். நாலாவது நிமிடம் வரை இரண்டும் ஒன்றுபோல மாணிக்கச் சிவப்பு. ஐந்தாவது நிமிடம் ‘த’வின் அடியில் புகை மாதிரி ஒரு மங்கல். பத்தாவது நிமிடம் பின்னால் பிடித்த எழுத்து தெரியவில்லை. இருபதில், பால் திரிவது போலத் திரிந்து, பழுப்புத் துணுக்குகள் மெதுவாக இறங்கி அடியில் படிந்தன. பக்கத்தில் ‘செ’ அப்படியே, தெளிவாக, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் நின்றது.

மேடம் கேட்குமுன் நானே சொன்னேன். “பாத்தேன் மேடம்.”

அன்று சாயங்காலமே மேடம் அறுவை சிகிச்சை டாக்டரிடம் பேசினார். மூன்று மாதக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள், இவருக்குப் பல வருடச் சர்க்கரை இருக்கிறது என்றார். இன்சுலின் முறையாக ஏறியது. காலின் ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்த்தார்கள், அடைப்பு இல்லை. கறுத்த விரலை மட்டும் எடுத்தார்கள். கால் நின்றது.

ரத்தத்தை வெளியூர் மையத்துக்கு அனுப்பி மரபணுவையும் பார்த்தோம். நூற்று நாற்பத்தாறு மணி கோத்த சரத்தில் ஒரே ஒரு மணி மாறியிருந்தது. வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் என்ற இன்னொன்று. ஹீம் உட்கார்ந்திருக்கும் பைக்குப் பக்கத்திலேயே. ஒரு எழுத்துப் பிழைக்கு ஒரு காலே போகப் பார்த்தது.

அந்த முடிவு வந்த அன்று மேடம் என்னைக் கூப்பிட்டார். “பழைய நாலு ரிப்போர்ட்டுக்கும் திருத்தம் குடுக்கணும். தபால்ல வேணாம். நீங்க போங்க.”

“மேடம், அடிச்சாங்கன்னா?”

“ஐஸ் வச்சுக்கலாம்.”

அதே பஸ்ஸில் எதிர்த்திசையில் போனேன். கும்பகோணத்தில் பத்து நிமிடம் நின்றது. நான் இறங்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவர்கள் வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. தங்கராசு கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டிப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “சரோஜா, காபி சார் வந்திருக்காரு. டம்ளரையெல்லாம் எடுத்து உள்ள வையி, மோந்து பாப்பாரு” என்றார்.

ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. அப்படியே கொட்டினேன். அவருடைய ரத்தம் பிறவியிலேயே வேறு மாதிரி, மெஷின் ஏமாந்தது, மெஷினைப் பார்த்து நான் ஏமாந்தேன், வேட்டிக் கணக்கு, எல்லாம். “நீங்க ஒரு தடவைகூடக் காபி குடிச்சிட்டு வரல. தப்பு என்னோடது. நான் அன்னைக்கே ஒழுங்காப் பாத்திருந்தா உங்க விரல் இருந்திருக்கும்.”

தங்கராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன சொன்னீங்க?”

“விரல்...”

“அது கெடக்கட்டும் சார். அதுக்கு முன்னாடி சொன்னது.”

“நீங்க காபி குடிச்சிட்டு வரல.”

“சரோஜா, இங்க வா. சார், இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னேன். உள்ளேயிருந்து வந்த அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கேட்டியா? ரெண்டு வருஷம்! திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். கழுத்துல மாலை, எல போட்டு எதிர்ல பாயசம். தொட வுடல சார் இவ. ‘கும்பகோணத்துல குடிச்சது போதாதா’ன்னா, சம்பந்தி முன்னாடி. நான் என்ன சொன்னேன் சரோஜா? குடிக்கலன்னு சொன்னேனா இல்லியா?”

சரோஜா என்னைப் பார்த்துச் சொன்னார். “டீக்கடையில போயி, இவருக்குக் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன் சார். அத்தன பேரு ஒக்காந்திருந்தாங்க. அன்னைலேருந்து இவரு அந்தப் பக்கமே போவுறதில்ல.” பிறகு, “நாப்பது வருஷம் கூட இருந்திருக்கேன். இந்தாளு பொய் சொன்னா காது செவக்கும். ஒரு நாளும் செவக்கல. நீங்க எழுதியிருந்தீங்களே, அதான்...” என்றார்.

நக்கல் எதையும் தேடாமல் பையிலிருந்து மரபணு ரிப்போர்ட்டை எடுத்தேன்.

அதை விளக்கினேன். இனி மூன்று மாதச் சுகர் அவருக்குப் பார்க்கவே கூடாது, வேறு டெஸ்ட் உண்டு, மகளுக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்றேன். இப்படிப்பட்ட ஹீமோகுளோபினுக்கு முதலில் கண்டுபிடித்த ஊரின் பெயரை வைப்பது வழக்கம் என்று சொன்னபோது தங்கராசுவின் முகம் பிரகாசமாகிவிட்டது. “அப்ப நம்ம ஊரு பேரா?”

“இல்லீங்க. இது ஏற்கெனவே வெளிநாட்டுல ஒரு ஊர்ல கண்டுபிடிச்சிட்டாங்க.”

“அதுலயும் முந்திக்கிட்டானுவளா” என்றார். பிறகு, “சார், இந்தப் பேப்பர்லாம் எனக்கு எதுக்கு? நான் காபி குடிக்கலன்னு ஒரு பேப்பர் குடுங்க. உங்க ஆஸ்பத்திரி சீல் வச்சு. டீக்கடையில ஒட்டணும்” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

பையில் எங்கள் ஆய்வகத்தின் வெற்று ரிப்போர்ட் தாள்கள் இருந்தன. ஒன்றை எடுத்தேன். பெயர், வயது, ஊர் எழுதினேன். சோதனை என்ற இடத்தில் கோடு போட்டேன். முடிவு என்ற இடத்தில் எழுதினேன்: ‘மேற்படியார் எங்களிடம் ரத்தம் கொடுக்க வந்த நான்கு நாட்களிலும் காபியோ வேறு எதுவுமோ சாப்பிடாமல், வெறும் வயிற்றில்தான் வந்திருந்தார்.’ ‘பரிசோதித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

தங்கராசு அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். “சார், பக்கத்துல இன்னொரு எடம் காலியா கெடக்கே. ‘சரிபார்த்தவர்’னு போட்டிருக்கு.”

“அது எங்க மேடம் போடணும். ரெண்டு கையெழுத்து இல்லாம எங்க ரிப்போர்ட் வெளிய போவாது. தஞ்சாவூர் போயி வாங்கி அனுப்புறேன்.”

“பேனாவக் குடுங்க” என்றார் சரோஜா.

நெல்லைத் துழாவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தாளை வாங்கித் தரையில் வைத்துக் குனிந்தார். கணவர் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். த. சரோஜா.

இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டதால், ரிப்போர்ட்டை நோயாளியிடம் கொடுத்தேன்.